அம்மனிடம் விட்ட பழி

1

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதம் எழுதுவேன், சஞ்சிகைக்கு எழுதிப் பழக்கமில்லை. ஒரு வசனத்தைத் தொடங்கினால் எங்கே முடிப்பதென்று தெரியாமல் போய்விடும். மறதியும் வந்துவிட்டது. அடுப்பில் வைத்ததை மறப்பேன். ஊரில் யார் எந்த நிறச் சீலை உடுத்திக் கோயிலுக்கு வந்தார்கள் என்பது மட்டும் மறக்காது என்று நினைத்திருந்தேன். இப்போது அதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

இந்தச் சஞ்சிகையை நடத்தும் தம்பி, "அம்மா, ஒஸ்லோவுக்கு வந்து இவ்வளவு காலம், ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கோயிலில் காணும்போதெல்லாம் கேட்பார். நான் சிரித்துவிட்டு விலகிவிடுவேன். ஆட்களுக்கு முன்னால் கதைக்கவே எனக்குக் கூச்சம். ஆனால் போன மாசி மாதம் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். முன்பு நான் ஊரில் செய்த ஒரு காரியத்தைத் திரும்ப எடுக்கும்படி கேட்டாள். அவளுடைய வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகத்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் என் வாயிலிருந்து இந்தக் கதை வந்திராது.

2

நாங்கள் இருப்பது ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில், நாலாம் மாடியில். என் அவர் முதலில் வந்து வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து என்னையும் மகள் மாலதியையும் கூப்பிட்டார். நான் ஒரு சிறுபிள்ளைகள் பள்ளியில் துப்புரவு வேலை செய்தேன், முழங்கால் விடும்வரை. அவர் காலமாகி ஐந்து வருடம். மாலதி மாணவர் விடுதிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள்.

எனக்கு ஒரு மகனும் இருந்தான். இருந்தான் என்று எழுதவும் கை ஓடவில்லை. நேசன். பத்தொன்பது வயதில் ஆமி பிடித்துக்கொண்டு போனது. பிறகு ஒரு தகவலும் இல்லை.

வேலை விட்டபோது ஓய்வுக்காக ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அலுவலகத்தில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, மெதுவாகத்தான் கேட்டாள். எத்தனை பிள்ளைகள்? இரண்டு. மகள் உயிரோடு இருக்கிறாவா? ஓம். மகன்? படிவத்தில் இரண்டு பெட்டிதான். உயிரோடு, அல்லது இறந்தவர். அவள் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தாள். எனக்குத் தெரிந்த நோர்வேச் சொல் ஒன்றும் வரவில்லை. பழக்கத்தில் "தக்" என்று நன்றி சொல்லிவிட்டேன். எதற்கு நன்றி என்று அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அவள் பெட்டிக்கு வெளியே ஒரு கேள்விக்குறி போட்டாள்.

நேசனுக்குத் திவசம் செய்ய முடியாது. திதி தெரியாது. செத்தான் என்றும் தெரியாது. அவனைப் பிடித்த நாளில் மட்டும் சாப்பிடாமல் இருப்பேன். அதற்கு என்ன பெயர் என்று ஐயரிடம் கேட்டேன். விரதம் என்று வைத்துக்கொள்ளுங்கோ என்றார்.

3

மாலதி பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறாள். எங்கள் சனத்துக்கு அது பெரிய கவலை. "டொக்டருக்குக் கிடைக்கேல்லையோ?" என்று என்னிடம் கேட்பார்கள். அவளிடம் கேட்கப் பயம்.

மாஸ்டர் பட்டத்துக்கு அவள் எழுதும் கட்டுரை நானூறு வருடத்துக்கு முந்திய நாடகங்களைப் பற்றியது. ஐரோப்பாவில் ஒரு காலம் பழிவாங்கும் நாடகங்கள் பார்க்கச் சனம் அள்ளுப்பட்டுப் போனதாம். அந்த நாடகங்களில் பழிவாங்கலும் கடவுளும் எப்படி மோதுகிறார்கள் என்பதுதான் அவளுடைய விஷயம். ஒரு ஞாயிறு நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, அவள் மேசையில் இருந்து எனக்கு ஒரு நாடகத்தைச் சொன்னாள். பெயர் என் வாயில் வராது.

"ஒரு தாய், அம்மா. விதவை. அவவின்ர மகனை அரண்மனையில ஒரு பெரிய ஆள் கொலை செய்துபோட்டான். அவ பாதிரியாரிட்டப் போறா. பாதிரியார் சொல்லுறார், பழி கடவுளின்ர வேலை, உம்மட வேலை இல்லை, பேசாமல் இரும் எண்டு."

"சரியாத்தானே சொல்லியிருக்கிறார்."

"பொறுங்கோ. பேந்து மகன் ஆவியா வாறான். என்னைக் கொலை செய்தவன் இவன்தான் எண்டு சொல்லுறான்."

என் கை நின்றுவிட்டது. "வந்து சொன்னவனோ?"

"ஓம். ஆனால் அதிலைதான் பிரச்சினை. அந்தக் காலத்தில சேர்ச் ரெண்டாப் பிரிஞ்சிட்டுது. பழைய சேர்ச் சொல்லுது, செத்த ஆக்கள் பாவம் கழுவுப்பட ஒரு இடம் இருக்கு, அங்கையிருந்து வரலாம் எண்டு. புதுச் சேர்ச் சொல்லுது, அப்பிடி இடமே இல்லை, வாறது பிசாசு, உன்னைப் பாவம் செய்யவைக்க வருது எண்டு. அப்ப வந்து நிக்கிறது மகனோ பிசாசோ? அவவுக்குத் தெரியாது. பார்க்கிற சனத்துக்கும் தெரியாது."

"தாய்க்குத் தெரியாதோ மகனை?"

"நாடகத்தில தெரியேல்லை, அம்மா."

நேசன் ஒரு நாளும் எனக்குக் கனவில்கூட வந்து ஒன்றும் சொன்னதில்லை. வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி என்னவென்று யோசித்தேன். யார் உன்னைக் காட்டிக்கொடுத்தது என்றுதான் கேட்பேன். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டேன். அதை நினைக்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"பேந்து என்ன செய்தவ?"

"கொலைகாரன் பாவமன்னிப்புக் கேட்கப் போறதுக்கு முதல் நாள் அரண்மனை விருந்தில நஞ்சு வைக்கிறா. மன்னிப்புக் கேட்டிட்டுச் செத்தால் அவன் மோட்சம் போயிடுவான். கேளாமல் செத்தால் நரகம். எந்தக் காலமும் நரகம். அதுக்காகத்தான் நாள் பார்த்துச் செய்யிறா."

"செத்த பிறகுமோ? பிறவி இல்லையோ அவைக்கு?"

"இல்லை. ஒருக்காத்தான்."

அது எனக்குப் பெரிய கொடுமையாகப் பட்டது. ஒரு உயிருக்கு ஒரே ஒரு பிறப்பு, அதிலும் பிழை செய்தால் முடிவே இல்லாத நெருப்பு, அந்த நெருப்புக்குள் தள்ளிவிட ஒரு தாய் நாள் பார்த்துக் காத்திருக்கிறாள்.

"எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்யமாட்டினம், பிள்ளை. நாங்கள் அம்மனிட்ட விட்டிடுவம்" என்றேன்.

மாலதி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள் விட்டது எனக்கு ஞாபகம் இருக்கு, அம்மா. நான் உங்கட சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

அவளுக்கு அப்போது எட்டு வயது. மறந்திருப்பாள் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

4

நடந்ததைச் சொல்கிறேன். அன்று விடியவே ஆமி ஊரைச் சுற்றிவளைத்தது. ஆண்கள், பொடியங்கள் எல்லோரையும் பள்ளிக்கூட வளவுக்கு வரச்சொன்னது. தாய்மார் நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். ஒரு ஜீப்புக்குப் பக்கத்தில் தலையாட்டியைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், தலையாட்டி என்றால் ஆமிக்கு ஆட்களைக் காட்டிக்கொடுக்க, தலையிலிருந்து இடுப்புவரை சாக்குப் போட்டு இருத்தப்பட்டவன். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வரிசையில் ஒவ்வொருவராக முன்னால் போய் நிற்பார்கள். சாக்கு அசையாவிட்டால் போகலாம். சாக்கு ஆடினால் லொறி.

நேசன் போய் நின்றபோது சாக்கு ஆடியது.

முகம் தெரியாது. கால் தெரிந்தது. ரப்பர் செருப்பு. ஒரு செருப்புக்கு நீல வார், மற்றதற்குப் பச்சை வார். அந்தச் செருப்பு எனக்குத் தெரியும். இரண்டு வீடு தள்ளி இருந்த பூமணி அக்காவின் மகன் குகன் போடுவது. வார் அறுந்து, வேறு செருப்பின் வாரை மாட்டிக்கொண்டு திரிந்தவன். என் வீட்டுப் படியில் எத்தனை தரம் அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நேசனோடு இருந்து சாப்பிட்டிருப்பான்.

அடுத்த வெள்ளிக்கிழமை முழுகி, ஈரச் சீலையோடு அம்மன் கோயிலுக்குப் போனேன். வாசலில் மண் அள்ளினேன். பூமணி அக்காவின் வீட்டுக்கு முன்னால் வந்து தூற்றினேன். என்ன சொன்னேன் என்பது முழுதாக ஞாபகமில்லை. "குகன்ரை வம்சம் தழைக்கக்கூடாது, அம்மாளே, நீ பார்" என்று சொன்னது ஞாபகம். சனம் நின்று பார்த்தது. பூமணி அக்கா வாசலுக்கு வந்தவ, ஒரு வார்த்தை பேசவில்லை. தலையில் விழுந்த மண்ணைத் தட்டக்கூட இல்லை. பேசாமல் நின்றபடியால் பிழை செய்தவள் என்றே எல்லோரும் நினைத்தோம். சுற்றிவளைப்புக்குப் பிறகு குகனையும் ஊரில் ஒருவரும் காணவில்லை. அதோடு நிச்சயம் என்றாகிவிட்டது.

மாலதியிடம் சொன்னேன், "நான் ஒருத்தரிலையும் கை வைக்கேல்லை, பிள்ளை. அம்மன் பார்க்கட்டும் எண்டு விட்டனான். அது பழிவாங்கல் இல்லை."

"பேர் சொல்லித்தானே விட்டனீங்கள்?"

"ஓம்."

"அப்ப அம்மனுக்கு என்ன வேலை மிச்சம்? ஆர் எண்டதையும் நீங்கள் சொல்லிப்போட்டியள், என்ன தண்டனை எண்டதையும் சொல்லிப்போட்டியள். நாடகத்தில அந்த மனுசியும் கடைசியில முழங்காலில நிண்டு சொல்லுறா, நான் கடவுளின்ர கை மட்டும்தான் எண்டு."

எனக்குக் கோபம் வந்தது. "நானூறு வருசத்துக் கதையையும் என்னையும் ஒண்டாப் போடாதை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

போகும்போது அவள், "இதைக் கட்டுரையில ஒரு குறிப்பா எழுதட்டோ? பேர் போடமாட்டன்" என்றாள். வேண்டாம் என்றேன். இப்போது நானே எழுதுகிறேன்.

5

அதற்குப் பிறகு இரண்டு கிழமை இருக்கும். கதவு தட்டுப்பட்டது. முப்பது வயதுப் பெண், வயிறு தெரிந்தது. சப்பாத்தில் பனி. கையில் தட்டும் பழமும்.

"அன்ரி, நான் வதனி. ட்வெய்ட்டாவில இருக்கிறம். குகன்ரை மனுசி."

எந்தக் குகன் என்று கேட்க வாய் திறந்தேன். கேட்கவில்லை. நாலு ஸ்டேசன் தள்ளி அவன் இருந்திருக்கிறான். டி-பானா என்ற நிலக்கீழ் ரயிலில் எத்தனை நாள் அந்த இடத்தைக் கடந்திருப்பேன்.

உள்ளே வந்து இருந்தாள். தட்டை மேசையில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

"ரெண்டு பிள்ளை நிக்கேல்லை, அன்ரி. ஒண்டு அஞ்சு மாதத்தில, ஒண்டு ஏழில. இது மூண்டாவது. ஆசுபத்திரியில எல்லாச் சோதனையும் செய்து ஒண்டும் இல்லை எண்டினம். மாமி, இவற்ற அம்மா, ஊரில இருந்து ரெலிபோன்ல சொன்னவ, நீங்கள் மண் தூத்தினது. போட்ட ஆள்தான் எடுக்கலாமாம்."

"அவன் உம்மை அனுப்பினவனோ?"

"ஐயோ, அவருக்குத் தெரியாது. தெரிஞ்சால் கத்துவார். அவர் உதொண்டும் நம்பமாட்டார்."

"நீர் நம்புறீரோ?"

"நான் இஞ்சை நேர்சிங் படிச்சனான், அன்ரி. நம்பேல்லை எண்டுதான் சொல்லவேணும். ஆனால் ஏழு மாதத்தில ஒண்டைக் கையில தந்தவை. அதுக்குப் பிறகு எல்லாத்தையும் நம்புறன்."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒன்று, அம்மன் கேட்டிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். இரண்டு பிள்ளை போனது என்று ஒரு பெண் அழ, என் மனதில் ஒரு மூலை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு நிமிடம்தான் இருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு எனக்கு நித்திரை ஒழுங்கில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன், பிள்ளை" என்றேன். எடுத்தால் குகன் குற்றமில்லாதவன் என்று ஆகிவிடும். அப்படியானால் நேசனுக்கு யார் பதில் சொல்வது? இதுதான் என் தலைக்குள் ஓடியது. வதனி பழத்தட்டை வைத்துவிட்டுப் போனாள். தோடம்பழங்களை நான் தொடவில்லை. பழுதாகும்வரை இருந்தன.

6

மாலதியின் கூட்டாளிகள் அந்த நாடகத்தை நோர்வே மொழியில் ஒரு சேர்ச்சின் நிலக்கீழ் மண்டபத்தில் போட்டார்கள். ஈஸ்டருக்கு முந்திய காலம், அந்த நாட்களில்தான் போடவேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாலதி எனக்குக் கடைசி வரிசையில் ஓரத்துக் கதிரை பிடித்துவைத்திருந்தாள், நான் வெட்கப்படாமல் இருக்க.

பாதிதான் விளங்கியது. தாயாக நடித்த பெண் இருபத்திரண்டு வயதுப் பொன்னிற முடிக்காரி, முகத்தில் கோடு கீறியிருந்தார்கள். நன்றாகத்தான் நடித்தாள். விருந்துக் காட்சி வந்தது. அரண்மனை விருந்தில் எல்லோரும் முகமூடி போட்டு ஆடுகிறார்கள். கொலைகாரன் எதற்குள் இருக்கிறான் என்று அவள் ஒவ்வொரு முகமூடியாகப் பார்த்துக்கொண்டு போகிறாள். முகம் மூடியவர்களை இத்தனை பேராக ஒன்றாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை, ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் ஒருவனுக்கு முன்னால் நின்று, இவன்தான் என்று தலையை ஆட்டினாள்.

மேடையில் தாய் தலையாட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கைவிரலுக்குள் மண் நெரிந்த மாதிரி இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பூமணி அக்காவின் வாசலில் நான் செய்ததும் அதுதான். என் தலையில் சாக்கு இல்லை. முகத்தைக் காட்டிக்கொண்டு செய்தேன், அவ்வளவுதான்.

அவள் நினைத்த ஆள்தான் முகமூடிக்குள் இருந்தான். நஞ்சு குடித்துச் செத்தான். பிறகு அவளும் செத்தாள், இன்னும் நாலைந்து பேரும் செத்தார்கள். சனம் எழும்பிக் கை தட்டியது. பக்கத்தில் இருந்த நோர்வேக்கார மனுசி என்னைப் பார்த்து, நன்றாக இருந்ததா என்று கேட்டா. நான் "ஆள் சரியாக இருந்தபடியால் முடிஞ்சுது" என்று சொல்ல நினைத்தேன். நோர்வே மொழியில் "சரி, சரி" என்று மட்டும் வந்தது.

திரும்பி வரும்போது மாலதியிடம் வதனி வந்துபோனதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கன காலத்துக்குப் பிறகு பிடித்தாள். "நான் கூட வரட்டோ?" என்றாள்.

"வேண்டாம். நீ முந்தி ஒருக்கா கூட வந்தனி" என்றேன்.

7

சித்திரை மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் ட்வெய்ட்டாவுக்குப் போனேன். பனி பாதி கரைந்து, வழியெல்லாம் வழுக்காமல் இருக்கப் போட்ட சிறுகல். குகன்தான் கதவைத் திறந்தான். தலைமயிர் நரைத்துவிட்டது. நேசனும் இருந்தால் இந்த வயதுதான்.

"வாங்கோ மாமி" என்றான். ஊரில் கூப்பிட்ட அதே மாமி. வதனி அதற்குள் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தாள். வெறும் காலோடு நின்றான். குளிர்காலத்திலும் காலுறை போடமாட்டானாம், அடி பட்ட பாதம் தாங்காதாம். பாதத்தின் ஓரத்தில் தழும்பு தெரிந்தது.

நான் கதிரையில் இருக்கவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். "சாக்குக்குள்ளை நீயோடா?"

"இல்லை."

"செருப்பு உன்ர செருப்பு."

"ஓம், என்ர செருப்புத்தான். முதல் நாள் பின்னேரமே என்னை றோட்டில பிடிச்சவங்கள். ஆமிக் காம்பில காலில அடிச்சவங்கள். எல்லாற்ற செருப்பும் கதவடியில குவிஞ்சு கிடந்தது. விடிய ஒருத்தனைச் சாக்குப் போட்டுக் கொண்டுபோகேக்கை அவனுக்குச் செருப்பில்லை. குவியல்ல இருந்து எடுத்து எறிஞ்சாங்கள். நான் பார்த்துக்கொண்டு கிடந்தனான்."

"ஏன் உன்ர அம்மா அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது, மாமி? மகன் காம்பில எண்டு சொன்னால், அப்ப அவன்தான் ஆடினவன் எண்டு இன்னும் வடிவாச் சொல்லுவியள்."

அவன் சொன்னது சரி. அப்படித்தான் சொல்லியிருப்போம். காம்பில் இருந்தவர்களைத்தான் சாக்குப் போட்டுக் கொண்டுவருவது வழக்கம். அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். மாலதியின் நாடகத்தில் மகன் உருவத்தில் வந்து நின்றது மகனா பிசாசா என்று அந்தத் தாய்க்குத் தெரியாததுபோல எனக்கும் தெரியவில்லை. குகனின் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவனுக்கு அது விளங்கிவிட்டது. "நம்பேல்லை என்ன? சாக்குப் போட்டவன் ஆர் எண்டு எனக்குத் தெரியும், மாமி. இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லட்டோ? அப்ப நம்புவியள்."

"இருக்கிறானோ அவன்?"

"இருக்கிறான்."

"இஞ்சையோ?"

வதனி அவனையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெயர்தான். கேட்டால் இரண்டு வினாடி வேலை. நேசனுக்காகக் கேட்கவேண்டாமா என்று என் மனம் அடித்துக்கொண்டது. யாரோ ஒருவனை நான் கோயிலில் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருக்கிறேனோ, அவனுக்கு என் கையால் சோறு போட்டேனோ என்றெல்லாம் ஓடியது. பெயரைக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். திரும்ப முழுகி, திரும்ப ஈரச் சீலையோடு மண் தேடுவேன்.

"வேண்டாம்" என்றேன். "அவனுக்கும் ஆரும் மனுசி பிள்ளையள் இருக்கும்."

"அவனையும் அடிச்சுத்தான் ஆட்டவைச்சவங்கள்" என்றான் குகன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"நீ ஆடினியோ ஆடேல்லையோ, தம்பி, எனக்கு இனித் தெரியவராது. வதனியின்ர வயித்தில கிடக்கிறது ஆடேல்லை. நான் எடுக்கிறன்."

அவனுக்கு அது மனதில் பட்டுவிட்டது. "நான் ஆடேல்லை எண்டு சொல்லுங்கோ, மாமி. அதைச் சொல்லிப்போட்டு எடுங்கோ" என்றான். நான் சொல்லவில்லை. சொல்ல என்னால் முடியவில்லை. அதற்காக அவன் என்னை மன்னிக்கவேண்டும்.

வதனி ஊருக்கு ரெலிபோன் போட்டுப் பூமணி அக்காவைப் பிடித்து என் கையில் தந்தாள். ஊரில் இப்போது சமாதானம் என்கிறார்கள், லைன் நல்லாக வேலை செய்தது.

"பரமேசு" என்று என் பெயரைச் சொன்னா. அதே குரல், கொஞ்சம் மெலிந்துவிட்டது. "சாப்பிட்டனியோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, நான் உங்கட வாசலில" என்று தொடங்கினேன்.

"விடு. நீ கத்தேக்கை நான் உன்னிலை கோவிக்கேல்லை. எனக்கும் ஆரையாவது பிடிச்சுக் கத்தவேணும் போலத்தான் கிடந்தது. நீ முந்திட்டாய்." அதைச் சொல்லிவிட்டு மெல்லச் சிரித்தா. பிறகு செய்முறையைச் சொல்லத் தொடங்கினா. ஒரு பிடி மண் எடுத்து, போட்ட பெயரைச் சொல்லி, எடுத்தேன் என்று மூன்று தரம் சொல்லி, பிள்ளைத்தாச்சியின் தலையைச் சுற்றி, ஓடுகிற தண்ணீரில் கரைத்துவிட வேண்டும்.

"மாமி, பல்கனியில பூச்சாடிக்கு வாங்கின மண் பை ஒண்டு கிடக்கு" என்று வதனி பக்கத்திலிருந்து ரெலிபோனுக்குச் சொன்னாள்.

ரெலிபோனுக்குள்ளிருந்து பூமணி அக்கா, "கடை மண்ணோ? உனக்கென்ன விசரோ, பிள்ளை? கால் படுற மண் வேணும்" என்றா.

குகன் ஒன்றும் நம்பாதவன், கறிக் கரண்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். நான் ஜன்னலால் பார்த்தேன். கட்டடத்து ஓரத்தில் குந்தியிருந்து, இறுகின நிலத்தைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தான். நாயோடு வந்த ஒரு நோர்வேக்காரக் கிழவர் நின்று ஏதோ கேட்டார். மேலே வந்ததும் சொன்னான், "இவ்வளவு வேளைக்கு என்ன நடுறாய் எண்டு கேட்டவர். பூ எண்டு சொன்னன்." அந்த வீட்டில் அன்று சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

மண்ணில் பாதி சிறுகல். கல்லைப் பொறுக்கிவிட்டுச் செய்தோம். மூன்று தரம் எடுத்தேன் என்று சொன்னேன். ஓடுகிற தண்ணீருக்கு ஆறு வேண்டுமே என்றேன். வதனி படி இறங்கக்கூடாது என்று ஆசுபத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பைப்புத் தண்ணியும் ஓடுகிற தண்ணிதானே என்றான் குகன். குளியலறையில் பைப்பைத் திறந்து, அவனே தட்டைப் பிடிக்க, நான் கரைத்துவிட்டேன். அடியில் கொஞ்சம் மண் தங்கிவிட்டது. அதை விரலால் தள்ளிவிட்டேன்.

நேசன் விஷயத்தில் நான் செய்தது சரியா பிழையா என்று இதை வாசிக்கும் ஒருவரிடமும் கேட்கவில்லை. பெயர் கேளாமல் திரும்பி வந்த தாயைப் பற்றி மாலதி படிக்கும் நாடகங்களில் ஒன்றும் இல்லையாம், தேடிப் பார்த்துவிட்டாள்.

நான் கேட்பது வேறு. மண் தூற்றும் முறை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எடுக்கும் முறையைச் செய்து பார்த்தவர்கள் குறைவு. பூமணி அக்காவும் தன் தாய் சொல்லக் கேட்டதுதான், நிச்சயமில்லை என்றா. நாங்கள் செய்தது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிதான் செய்யவேண்டுமா? நான் முழுகித்தான் போனேன், ஆனால் ஈரச் சீலையோடு ஒஸ்லோவில் ரயிலேற முடியாது, காய்ந்த சீலைதான் உடுத்தேன். பைப்புத் தண்ணீர் கணக்கில் வருமா? ஊரில் வயதானவர்கள், கோயிலடியில் இருப்பவர்கள் யாராவது இவற்றைச் சரிபார்த்துச் சஞ்சிகைத் தம்பிக்கு அறிவியுங்கோ. பிழையென்றால் நான் திரும்பப் போய்ச் செய்வேன். வதனிக்கு ஆவணியில் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முதல் சொல்லுங்கோ.